மூன்று எலுமிச்சம்பழமும் மேல்காற்றும்

முன்வீட்டு அக்கா நான்காவது முறையாக ஓட்டுநர் தேர்வில் தோற்ற வாரத்தில்தான், அவருடைய கணவர் கராஜில் இன்ஜின் இல்லாத வண்டி ஒன்றைக் கட்டத் தொடங்கினார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எங்களில் யாரும் நினைக்கவில்லை.

மெல்பர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரே வளவில் குடியிருந்தோம். முன்னால் இருந்த வீடு அவர்களுடையது, பின்னால் இருந்த சின்ன யூனிட் என்னுடையது. அவர்கள் யாழ்ப்பாணம், நான் மதுரை. அக்காவின் கணவரை அண்ணன் என்பேன்; அவர் தள்ளுவண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர், இரவு ஷிஃப்ட். அக்கா வீட்டிலிருந்தே சேலைக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பார். அவருடைய தையல் மெஷின் சத்தம் என் சமையலறை வரை கேட்கும். பெடலில் கால் வைத்தால் தையல் முடியும் வரை எடுக்க மாட்டார். நடுவில் வேகம் குறைவதே இல்லை.

காரில் அவர் வேறு ஆள். நான்கு தேர்விலும் தோற்றது ஒரே காரணத்துக்காக: மிக மெதுவாக ஓட்டுகிறார், பின்னால் வரும் போக்குவரத்தைத் தடுக்கிறார். அறுபது கிலோமீட்டர் சாலையில் நாற்பதில் போவார். கடைசித் தேர்வில் ஒரு குப்பை லாரி அவரை முந்திப் போனதாக அவரே சொன்னார்.

இந்த முறை லைசென்ஸ் அவருக்கு வேடிக்கை விஷயம் இல்லை. ஒரு திரைச்சீலைத் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் புதுக் கட்டடம் திறக்கிறார்கள். வேலை காலை ஐந்தரைக்கு. அந்தப் பக்கத்துக்கு முதல் பஸ் ஆறுக்கு மேல்தான். அண்ணனுக்கு இரவு ஷிஃப்ட் முடிவதே ஆறு மணிக்கு. தானாக ஓட்டிப் போக முடிந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. கட்டடம் திறப்பதற்கு முன்னால் அவருக்குக் கிடைத்த கடைசித் தேர்வு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

"இதிலயும் பெயில் எண்டால் விடுவம்," என்றார் அண்ணன். "இருபது வருசமா தையல் மெஷின் ஓட்டின கால் அது. கார் பிடிபடாது."

"மெஷினை நான் ஒருநாளும் மெல்ல ஓட்டினதில்ல," என்றார் அக்கா.

ஒருநாள் அவர்கள் தங்கள் வேனில் ஓட்டிப் பழகப் போனபோது பின்னிருக்கையில் நானும் இருந்தேன். அண்ணன் முன்னால், இடப்பக்கம். அவருடைய ஒரு கை ஜன்னலுக்கு மேலே உள்ள பிடியில் தொங்கியது. "மெல்ல. மெல்லப் போம். அங்கால பஸ் வருது. மெல்ல." பஸ் இரண்டு தெரு தள்ளி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு "மெல்ல"வுக்கும் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் கிடையாது. மிதியடியில் அந்த ஓர் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. பார்த்தேன், சொல்லவில்லை. குடும்பச் சண்டையில் அயலவன் சாட்சி சொன்னால் முதலில் போவது அயல்தான்.

வண்டி யோசனை, அண்ணனுடைய தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஒரு வயதான ஆஸ்திரேலியருடையது. அவரை நாங்கள் ஃபிட்டர் என்றே சொல்வோம். மெல்பர்னிலிருந்து வடமேற்கே ஆறு மணி நேரம் போனால் பாலைவனத்தை ஒட்டி ஒரு வறண்ட உப்பு ஏரி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே திருவிழா. தண்ணீரில் படகு ஓடுவது போலக் காய்ந்த தரையில் பாய் கட்டிய வண்டிகளைக் காற்றில் ஓட்டுவார்கள். மூன்று சக்கரம், ஒரு பாய், ஓர் இருக்கை. இன்ஜின் கூடாது, வண்டியை அவரவரே கட்ட வேண்டும், விதி அவ்வளவுதான். ஃபிட்டர் அங்கே வண்டிகளைச் சோதித்து அனுமதி கொடுப்பவர். அண்ணனையும் கட்டச் சொன்னார்.

அண்ணன் இரும்புக் குழாய்களை வெல்டு செய்து வண்டியின் சட்டத்தைக் கட்டினார். பின் சக்கரங்கள் இரண்டும் மண் அள்ளும் கைவண்டியிலிருந்து வந்தன. முன் சக்கரம் யாரோ தெருவோரம் போட்ட குழந்தை சைக்கிளிலிருந்து. பாய்மரத்துக்குப் பின்வளவில் துணி காயப்போடும் குடைக்கம்பியின் நடுத்தண்டை அறுத்தார். அக்கா மூன்று மாதம் துணியை வேலிமேல் காயப்போட்டார். இருக்கை, கால் அறுத்த ஒரு பிளாஸ்டிக் கதிரை. முன் சக்கரத்தைத் திருப்ப, கால்களை ஊன்ற ஒரு குறுக்குக் கம்பி. கையில் ஒரு கயிறு: இழுத்தால் பாய் இறுகும், விட்டால் தளரும்.

எனக்குக் கைவேலை எதுவும் தெரியாது. "தம்பி பேப்பரில வேலை செய்தவர்தானே, எல்லாத்தையும் அளந்து எழுதி வைக்கட்டும்," என்று அண்ணன் ஒரு நோட்டைக் கொடுத்தார். அதில் ஃபிட்டர் சொன்ன எச்சரிக்கைகளையும் எழுதினேன். மூன்றாவது எச்சரிக்கை இது: பாய் ஏற்றிய வண்டியை நிறுத்தும்போது அதன் முன்மூக்கு காற்று வரும் திசையைப் பார்த்தே இருக்க வேண்டும். எழுதிவிட்டுக் கீழே கோடும் போட்டேன்.

பாய்தான் அக்காவின் பொறுப்பு. முதல் பாயைக் கலியாண மண்டபத்து மணவறைத் திரையில் தைத்தார். மெரூன் பட்டு, தங்கக் கரை. அழகாக இருந்தது, ஆனால் காற்று துணிக்குள் புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவதைத் தார்ப்பாயில் தைத்து, தங்கக் கரையை மட்டும் பிரித்தெடுத்து அதில் வைத்தார். தட்டையாக வெட்டிய பாய் காற்றைப் பிடிக்காது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ப்ளவுஸில் மார்புக்கு டாட் என்னும் மடிப்பு பிடிப்பது போலப் பாயின் முன்விளிம்பில் நான்கு டாட் பிடித்தார். பிறகு ட்ரயல். சக்கரங்களுக்கு அடியில் செங்கல் வைத்து வண்டியை அசையாமல் நிறுத்திவிட்டு, சாயங்காலக் காற்றில் கதிரையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தும் விட்டும் சுருக்கம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். எழுந்து வந்து பிரிப்பார், தைப்பார், மறுபடி உட்காருவார். இப்படி எட்டோ ஒன்பதோ சாயங்காலம். நோட்டில் ஒன்பது என்று இருக்கிறது.

பாயைப் பார்க்க வந்த ஃபிட்டர் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். இதை வெட்டியது யார் என்று கேட்டார். அண்ணன் மனைவியைக் காட்டினார். இவரும் ஓட்டுவார்தானே என்றார் ஃபிட்டர்.

"அவவோ," என்று அண்ணன் தமிழில் சிரித்தார். "கோயில் தேர் அவவை முந்தும்."

ஃபிட்டர் நீட்டிய தாளில் இரண்டு ஓட்டுநர்களுக்கு இடம் இருந்தது. முதலாவதில் அக்கா தன் பெயரை எழுதினார்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை, வண்டியைப் பிரித்து அவர்களுடைய வேனில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். வேன் முழுக்க ரோல்ஸ், கட்லட் வாசனை.

ஏரி என்பது வெள்ளையாக, கண் எட்டும் தூரம் வரை எதுவும் இல்லாத ஓர் இடம். கரையில் கூடாரங்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்தவற்றைப் பார்த்த வரிசையிலேயே எழுதினேன்: சக்கரம் வைத்த குளியல் தொட்டி, மூவர் உட்காரும் சோபா, பல் வைத்தியரின் நாற்காலி, ஓர் இரும்புக் கட்டில். கட்டிலில் ஒரு தம்பதி படுத்தபடியே போனார்கள். கணவன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான். எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி மாவு பூசியது போல உப்புத்தூசி. எல்லாரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் நாங்களும்.

சனிக்கிழமை காலை சோதனை. ஃபிட்டர் திருகாணிகளைத் தட்டிப் பார்த்தார், பாயை ஏற்றச் சொன்னார். வண்டி மேற்கே பார்த்து நின்றது, காற்று மேற்கிலிருந்து வந்தது. மூன்றாவது எச்சரிக்கைப்படி எல்லாம் சரி. புதியவர்களுக்கு ஒரே தேர்வு: கொஞ்ச தூரம் ஓட்டி, கொடி அசைந்ததும் வண்டியைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, இரண்டு ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் அக்காவின் முகம் மாறியதைக் கவனித்தேன். ஹெல்மெட்டை மாட்டி, கதிரையில் உட்கார்ந்து, கால்களைக் கம்பியில் வைத்தார். ஃபிட்டர் தேநீர் ஊற்றப் போனார்.

அப்போதுதான் அண்ணன் சொன்னார்: "பூசை செய்யேல்லையே."

புது வண்டி ஓடும் முன்னால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். யாழ்ப்பாணமோ மதுரையோ, அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அண்ணன் வேனுக்குள் போய் அரைக்கால் சட்டைக்கு மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு தட்டில் விபூதி, குங்குமம், கற்பூரம், மூன்று பழம்.

"மேற்குப் பார்த்தோ பூசை செய்யிறது?" என்றார் அண்ணன். "தம்பி, கிழக்கு எங்கால?"

ஃபோனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். "அந்தப் பக்கம், அண்ணே." டிகிரி உட்பட மிகச் சரியாகக் காட்டினேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அக்கா உட்கார்ந்திருக்க, வண்டியை முழுக்கத் திருப்பிக் கிழக்கைப் பார்க்க வைத்தோம். பாய் ஏறித்தான் இருந்தது. நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. முதுகில் காற்று பலமாக அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வெயிலுக்கு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தேன்.

கற்பூரம் பற்றவில்லை. ஏழு தீக்குச்சி அணைந்தது. "மனசால கொளுத்தினதா வையுங்கோ அப்பா," என்றார் அக்கா; கணவரை அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணன் அவருடைய ஹெல்மெட்டில் குங்குமம் வைத்து, தட்டை அவர் மடியில் கொடுத்துவிட்டு, மூன்று சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தார். அவ்வளவு நேரமும் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது என் இரண்டு கைகள்தான் என்பதை நான் உணரவில்லை.

"இனி மெல்லத் தள்ளுங்கோ தம்பி."

தள்ளுவதற்காகப் பிடியை மாற்றினேன். மறுபடி கை வைத்த இடத்தில் கதிரை இல்லை.

மூன்று பழமும் ஒரே சத்தத்தில் நசுங்கின. வண்டி நேர் கிழக்கே போனது. அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "கயிறை விடும். கயிறை விடும்." அக்கா கயிற்றைப் பிடித்திருக்கவே இல்லை, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு புகை அவருக்கு முன்னால் போனது, குங்குமமும் விபூதியும். முப்பது மீட்டரில் அண்ணனுடைய வேட்டி அவிழ்ந்து தனியாக ஓடியது. அது அண்ணனை முந்தியது.

அக்கா சிறிதாகிக்கொண்டே போனார். ஃபிட்டர் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். ஏன் கிழக்கே பார்க்கத் திருப்பினீர்கள் என்று கேட்டார். சாமி கும்பிட, என்றேன். தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் நான்கு கிலோமீட்டருக்கு மோத எதுவும் இல்லை என்றார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்த அண்ணன், "மெல்ல, மெல்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவருடைய வலது கால் உப்பை அழுத்தியது.

தூரத்தில் பாயின் வடிவம் மாறியது. விரிந்து கிடந்தது மெலிந்து ஒரு கோடானது. அக்கா கயிற்றைக் கையில் எடுத்துவிட்டார். அந்த ஒன்பது சாயங்காலமும் செங்கல் மேல் நின்ற வண்டியில் உட்கார்ந்து அவர் பார்த்தது இதைத்தான்: எவ்வளவு இழுத்தால் சுருக்கம் போகும். வண்டி இடப்பக்கமாக ஒரு பெரிய வளைவு போட்டது. நின்றுவிடும் என்று நினைத்தோம். குறுக்குக் காற்றில்தான் இந்த வண்டிகள் இன்னும் வேகமாக ஓடும் என்று ஃபிட்டர் சொல்லி முடிப்பதற்குள் அது எங்களுக்கு வடகிழக்கே வந்துவிட்டது. காற்றுக்கு எதிரே நேராக வர முடியாது. சாய்வாக, இடமும் வலமுமாக வர வேண்டும். வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பின் சக்கரம் தரையை விட்டுத் தூக்கியது.

கூம்புகளுக்கு அருகே வந்தபோது முகம் தெரிந்தது. முழுக்கக் குங்குமச் சிவப்பு. வாய் அகலத் திறந்திருந்தது. தட்டு முழங்கால்களுக்கு இடையில் இடுக்கியிருந்தது. ஃபிட்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொடியை எடுத்தார். அக்கா அவரைப் பார்த்தார், தலையசைத்தார், அப்படியே தாண்டிப் போனார்.

"நிப்பாட்டத் தெரியேல்ல," என்றார் அண்ணன்.

"தெரியாமல் இல்ல அண்ணே," என்றேன். "நிறுத்த மனசில்ல."

இரண்டாவது சுற்றில் சோபாவையும் கட்டிலையும் முந்தினார். கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். மூன்றாவது சுற்றில் ஃபிட்டர் கொடியை அசைத்ததும் கயிற்றை விட்டார், கால்களால் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பினார். பாய் படபடத்தது. வண்டி உருண்டு, தயங்கி, கூம்புகளுக்கு நடுவில் நின்றது.

அக்காதான் தொடங்கினார், விக்கல் போல ஒரு சிரிப்பு. பிறகு நிற்கவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஃபிட்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அண்ணன் மட்டும் கடுகடுப்பாகப் பாய்மரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த தன் பழைய ஃபோனைப் பிடுங்கினார். வேகம் காட்ட அவர் வைத்தது. பார்த்துக்கொண்டே நின்றார்.

"எவ்வளவு?" என்றார் அக்கா.

"ஐம்பத்தெட்டு."

"அறுபது றோட்டில ஐம்பத்தெட்டு," என்று அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். "டெஸ்ட் எடுக்கிறவன் கேட்டது அதுதானே அப்பா."

"பக்கத்தில நான் இல்லையே, அதுதான் பயந்து..." என்று தொடங்கிய அண்ணன் நடுவில் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் வேட்டியை எடுத்து வரப் போனேன்.

ஏரியில் எதையும் விட்டுப் போகக் கூடாது என்பது திருவிழாவின் கண்டிப்பு. நசுங்கிய பழங்களைத் தேடிப் பொறுக்கினோம். இரண்டுதான் கிடைத்தன. மூன்றாவது முன் சக்கரத்தின் கம்பிகளில் சிக்கி மூன்று சுற்றும் கூடவே ஓடியிருந்தது. ஃபிட்டர் தாளில் அக்காவின் பெயருக்கு நேரே குறி போட்டு, ஹெல்மெட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டினார்.

பிற்பகலில் அண்ணன் மூன்று முறை ஏறினார். மூன்று முறையும் வண்டி நடு ஏரியில் நின்றுவிட, நானும் அக்காவும் போய்த் தள்ளிக்கொண்டு வந்தோம். "கோயில் தேர் வருது, வழி விடுங்கோ," என்று அக்கா கட்டில்காரர்களைப் பார்த்துத் தமிழில் கூவினார். காற்று விழுந்துவிட்டது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வார். உண்மையைச் சொன்னால் காற்று விழுந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது அக்கா ஓட்டப் பழகுகிறவர்களுக்கான மஞ்சள் L அட்டையை வேனில் மாட்டினார். அண்ணன் வழக்கம் போல முன் கதவைத் திறந்தார்.

"நீங்கள் பின்னால இருங்கோ," என்றார் அக்கா. "பக்கத்தில லைசென்ஸ் உள்ள ஒராள் இருந்தாப் போதும், தம்பியிட்டயும் இருக்குத்தானே."

அண்ணன் என்னைப் பார்த்தார். மிதியடி விஷயத்தை நான் அப்போதும் வாயால் சொல்லவில்லை. அதில் தேய்ந்திருந்த இடத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். அவரும் பார்த்தார். பின்னால் போய், பாய்க்கும் ரோல்ஸ் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

சாலை நேராக இருந்தது. நூறு என்று பலகை. அக்கா எழுபதுக்கு வந்தார், எண்பதுக்கு வந்தார். "மெல்ல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா ஜன்னலை இறக்கினார். காற்றுச் சத்தத்தில் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. முள் தொண்ணூற்றெட்டில் நின்றது. கோதுமை வயல்கள் பின்னால் ஓடின. கண்ணாடியில் பார்த்தேன்: கண்ணை மூடிக்கொண்டு, பாயை இரண்டு கையாலும் அணைத்தபடி, அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை. பத்தரைக்கு அக்காவிடமிருந்து ஃபோன்.

"தம்பி, பாஸ்."

"என்ன சொன்னாங்க, அக்கா?"

"ஒண்டும் சொல்லேல்ல. ஒரு இடத்தில கொஞ்சம் பார்த்துப் போங்கோ எண்டவன். ஸ்பீட் கூடவாம்." பின்னால் அண்ணனுடைய குரல் ஏதோ கேட்டது. "பொறுங்கோ அப்பா, கேக்கிறன். தம்பி, இவர் வேனுக்கு எலுமிச்சம்பழம் வைக்கப்போறாராம். வீட்டில மூண்டு இருந்தது, நாலாவது சக்கரத்துக்கு ஒண்டு இப்பதான் வாங்கினது."

"வைக்கச் சொல்லுங்க அக்கா."

"ஓம். ஆனா முதல்ல காத்து எங்கால அடிக்குது எண்டு உங்களிட்டக் கேட்கச் சொன்னவர்."